மவுஸ் இழுத்தால் எதை முதலில் தொடுவது: பழைய கெர்னலா, எக்ஸார்க்கா, டைம்ஷிஃப்டா?

பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் மலேசியாவின் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஆறு மடிக்கணினிகள் வைத்திருக்கிறோம். எல்லாம் அலுவலகங்கள் கழித்துவிட்டவை. நான்கில் லினக்ஸ் மின்ட், இரண்டில் உபுண்டு 24.04; இரண்டுமே லினக்ஸ் வகை இயங்குதளங்கள். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து மாலையில் வரும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் கட்டுரை தட்டுவதும் பயிற்சித் தாள் செய்வதும் இவற்றில்தான்.

ஒரு சனிக்கிழமை ஆறுக்கும் அப்டேட் போட்டு மறுதொடக்கம் செய்தோம். திங்கள் மாலை உள்ளே நுழைந்ததுமே குரல் வந்தது: "அக்கா, மவுஸ் இழுக்குதுக்கா." மூன்று கணினிகளில் ஒரே புகார். கை நகர்ந்து கொஞ்சம் கழித்துத்தான் கர்சர் நகர்கிறது. பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இது சின்னத் தொல்லை இல்லை. நாலு முறை தவறாகச் சொடுக்கிய பிறகு கணினியை மூடிவிட்டுப் போனை எடுத்துவிடுவார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வுகள் நான்கு: பழைய கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கருவில்) ஏறுவது, திரையில் சாளரங்களையும் கர்சரையும் காட்டும் அமைப்பை வேலண்டிலிருந்து எக்ஸார்க்குக்கு மாற்றுவது, கெர்னலுக்கு ஒரு அளவுரு கொடுத்து மின்சிக்கன வசதியை நிறுத்துவது, கணினியின் நிலையைப் படியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியால் அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்கே திரும்புவது. நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். இவற்றைச் சமமான தேர்வுகளாக வரிசை கட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒன்று சோதனைக்கு, மற்றவை சிகிச்சைக்கு.

சோதனை, பழைய கெர்னல்தான். உபுண்டுவும் மின்டும் புதிய கெர்னலைப் போடும்போது முந்தையதை உடனே அழிப்பதில்லை. கணினி ஏறும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) எந்தக் கெர்னலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். எதையும் அழிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. ஐந்து நிமிட வேலை. திரையை இயக்கும் ஐ915, ஏஎம்டிஜிபியு டிரைவர்களும் யூஎஸ்பி மவுஸைக் கவனிக்கும் பகுதியும் கெர்னலோடு வருபவை. அதனால் பழையதில் சரியாகி, புதியதில் மறுபடி இழுத்தால் சந்தேகம் கெர்னல் மேல் விழும். இரண்டிலும் இழுத்தால் வேறெங்காவது தேட வேண்டும்.

எங்கள் மூன்றில் ஒன்றே ஒன்றுதான் பழைய கெர்னலில் சரியானது. மற்ற இரண்டும் அதிலும் இழுத்தன. அப்டேட்டுக்குப் பிறகு வந்த நோய் எல்லாம் அப்டேட்டால் வந்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

முதலாவது கணினியில் இருந்தது வயர்லெஸ் மவுஸ். சனிக்கிழமை அப்டேட்டுக்கு முன் நகல் எடுக்க யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைச் செருகியவர்கள் அதைக் கழற்றவே இல்லை. மவுஸின் சிக்னலை வாங்கும் சிறு செருகியான டாங்கிள் ஒட்டினாற்போல் பக்கத்துத் துளையில். யூஎஸ்பி 3.0 தரவு ஓடும்போது எழும் வானலை இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும் என்று 2012-இலேயே இன்டெல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு சிறு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தோம். முடிந்தது.

இரண்டாவதில், இரண்டு விநாடி சும்மா விட்டால் மவுஸ் தூங்கிவிடும், தொட்ட பிறகு தாமதித்துத்தான் விழிக்கும். டச்பேடில் அந்தக் கோளாறே இல்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்று நல்லெண்ணத்தோடு எங்கள் தம்பி ஒருவர், பவர்டாப் என்ற மின்சிக்கனக் கருவியின் தானியங்கிச் சீரமைப்பு ஒவ்வொரு முறை கணினி ஏறும்போதும் ஓடும்படி முந்தைய வாரம் அமைத்திருந்தார். அது மவுஸின் யூஎஸ்பி துளையையும் தூங்க வைத்துவிடும். அப்டேட் வரை அந்தக் கணினியை யாரும் மறுதொடக்கம் செய்யவில்லை, அதனால் தெரியவில்லை. பவர்டாப்பை நிறுத்திவிட்டு டிஎல்பி என்ற இன்னொரு மின்சிக்கனக் கருவியைப் போட்டோம். டிஎல்பி மவுஸ், கீபோர்டுகளைத் தானாகவே விட்டுவிடும்.

மூன்றாவதுதான் உண்மையான அப்டேட் பாதிப்பு. கர்சர் கொஞ்சம் நின்றுவிட்டு, விட்டுவிட்டுத் தாவியது. டச்பேடிலும் அப்படியே. எக்ஸார்க்குக்கு மாறினோம், அதே திணறல். வெளித்திரை ஒன்றைச் செருகியபோது அதில் மட்டும் கர்சர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுதான் துப்பு. மடிக்கணினியின் சொந்தத் திரையில் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்றொரு வசதி உண்டு. படம் அசையாமல் இருக்கும்போது திரையே அதைத் தன் நினைவில் வைத்துக் காட்டும், கிராஃபிக்ஸ் சில்லு ஓய்வெடுக்கும். ஓய்விலிருந்து மீள்வது தாமதமானால் முதலில் அடிபடுவது கர்சர். கிரப்பில் ஓர் அளவுரு கொடுத்து அந்த வசதியை நிறுத்தினோம், சரியாகிவிட்டது. பேட்டரி சற்றுச் சீக்கிரம் இறங்கும். எங்கள் அறையில் எப்போதும் பிளக்கில் இருப்பதால் அது பொருட்டில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர் யோசித்துச் செய்யட்டும்.

அப்படியானால் எக்ஸார்க் எதற்கு? உபுண்டு 24.04-இல் நுழைவுத் திரையின் பல்சக்கரத்தைச் சொடுக்கினால் கிடைக்கும், அதனால் பார்ப்பது எளிது. வேலண்டில் மட்டும் இழுத்து எக்ஸார்க்கில் சரியானால் டெஸ்க்டாப் பக்கம்தான் கோளாறு. ஆனால் அதில் குடியேறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில், 2023-இல் வந்த 45-ஆம் பதிப்பிலிருந்து கர்சர் வேலை தனி இழையில் ஓடுகிறது, டெஸ்க்டாப் திணறினாலும் கர்சர் தப்பிக்க வாய்ப்பு கூடியிருக்கிறது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கான எக்ஸார்க் அமர்வே எடுக்கப்பட்டுவிட்டது. மின்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் நிலைமை நேர் எதிர்: அங்கே எக்ஸார்க்தான் இயல்பு, வேலண்ட் இன்னும் சோதனை நிலையில். எனவே மின்டில் இந்த மருந்து ஏற்கனவே உடம்பில் இருக்கிறது. தமிழில் தட்டுபவர்கள் அமர்வை மாற்றியதும் தமிழ்99 வருகிறதா என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். கேடிஈ என்ற வேறொரு டெஸ்க்டாப்பின் வேலண்டில், விர்ச்சுவல் கீபோர்டு அமைப்பில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் வராமல் போகலாம்.

டைம்ஷிஃப்டை நான் கடைசியில்தான் வைப்பேன். அது பிள்ளைகளின் கோப்புகளைத் தொடாது, வீட்டு அடைவை இயல்பாகவே விட்டுவிடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துவிடும். மவுஸுக்காக முழு வீட்டையும் இடிப்பது போல. கணினி ஏறவே மறுத்தால் அது கைகொடுக்கும் தெய்வம், கர்சர் இழுப்புக்கு வேண்டாம். பழைய கெர்னலிலேயே மாதக்கணக்கில் தங்குவதற்கும் இதே காரணத்துக்காக நான் உடன்படவில்லை.

என்விடியா கார்டு உள்ளவர்கள் இவற்றுக்கெல்லாம் முன்னால் சிஸ்டம் தகவலில் கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் புதிய கெர்னலுக்கு டிரைவர் சேரவில்லை, படம் முழுவதையும் சிபியுவே வரைந்துகொண்டிருக்கிறது. கணினி ஏறும்போது மென்பொருளின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட், கையெழுத்தில்லாத டிரைவரை மறுத்தாலும் இப்படி ஆகும். டிரைவரைத் திரும்ப நிறுவுவதுதான் வழி.

எங்கள் மூன்றாவது கணினி இப்போது புதிய கெர்னலில், அந்த ஒரு அளவுருவோடு ஓடுகிறது. அடுத்த கெர்னல் வரும்போது அளவுருவை எடுத்துவிட்டு ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்ப்பதாகத் தம்பி கிரப் மெனுவின் படத்தோடு சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.