சிஎஸ்50எக்ஸ்: வீடியோவுக்கு முன்னால் விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுக கணினி அறிவியல் கோர்ஸான சிஎஸ்50 பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை நடத்தும் டேவிட் மேலனின் விரிவுரையைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும், தகும். தொலைபேசி டைரக்டரியை நடுவில் கிழித்துப் பாதியைத் தூக்கிப் போட்டு பைனரி சர்ச் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நான் பேசப்போவது அந்த கோர்ஸின் விதிமுறைகளைப் பற்றி. மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், எது கூடும், எது கூடாது, எவ்வளவு மார்க் எடுத்தால் தேர்ச்சி என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் அந்தப் பக்கங்கள். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேராக வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு கோர்ஸ் மாணவரை எப்படி நடத்தும் என்பது அதன் விதிமுறைப் பக்கத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை விஷயம். சிஎஸ்50எக்ஸ் என்பது ஹார்வர்ட் வளாகத்தில் நடக்கும் அதே அறிமுக கணினி அறிவியல் கோர்ஸின் இணைய வடிவம், 2012 முதல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் இருக்கிறது. கோர்ஸின் சொந்தத் தளத்தில் காசு கட்டாமலே முழுவதும் படிக்கலாம், முடித்தால் சிஎஸ்50 தரும் சர்டிஃபிகேட்டும் இலவசம். எட்எக்ஸின் சரிபார்த்த சர்டிஃபிகேட் வேண்டும் என்றால் மட்டும்தான் பணம். வாரம் 0 முதல் 9 வரை ப்ராப்ளம் செட்கள், அதாவது வாராந்திரப் பயிற்சிக் கணக்குகள், கடைசியில் நீங்களே யோசித்துச் செய்யும் ஃபைனல் ப்ராஜெக்ட். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 சதவீதம் எடுக்க வேண்டும். இந்த 'ஒவ்வொன்றிலும்' முக்கியம், ஏனென்றால் கட்டைகளை இழுத்து அடுக்கி ப்ரோகிராம் செய்யும் ஸ்க்ராட்ச்சில் நூறு வாங்கிவிட்டு மெமரி வாரத்தில் கோட்டை விட்டதைச் சராசரியில் ஒப்பேற்ற முடியாது. இது கறார்தான், ஆனால் சரியான கறார் என்று நினைக்கிறேன். பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) புரியாமல் டேட்டா ஸ்ட்ரக்சருக்கு (தகவல்களை அடுக்கி வைக்கும் முறைகளுக்கு) போகிறவர் அங்கே போய் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்வார்.

வாரக் கெடு கிடையாது. ஆண்டுக் கடைசி, டிசம்பர் 31 தான் கெடு. அதற்குள் முடியாவிட்டாலும், ப்ராப்ளம் செட்கள் மாறாத வரை, செய்தது அடுத்த ஆண்டுக்கும் வந்து சேரும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் யாரும் விரட்டாததாலேயே பாதியில் விட்டுவிடுகிற ஆபத்தும் இதில் உண்டு, அதனால் உங்களுக்கு நீங்களே ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்த பக்கம். 'கல்வி நேர்மை' என்ற தலைப்பில் இருக்கும் அந்தப் பக்கத்தின் சாரம் இதுதான்: நியாயமாக நடந்துகொள்ளுங்கள், நீங்கள் சமர்ப்பிப்பது உங்கள் உழைப்பாக இருக்க வேண்டும். இதை எல்லாப் பல்கலைக்கழகமும் சொல்லும். வழக்கமாக அதோடு நிறுத்திக்கொண்டு, 'மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுவார்கள். நான் படித்த ஒரு கோர்ஸில் அப்படித்தான் இருந்தது. நண்பனிடம் சந்தேகம் கேட்பது தப்பா, நெட்டில் பார்த்த நான்கு வரி ப்ரோகிராம் கோடை எடுத்துக்கொண்டு எங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்பிட்டால் போதுமா, போன செமஸ்டரில் நானே எழுதியதை மறுபடி கொடுக்கலாமா, எதற்கும் அதில் பதில் இல்லை. கேட்டால் ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நல்ல பிள்ளைகள் பயந்து வாயையே திறக்காமல் இருந்தார்கள், துணிந்தவர்கள் எல்லாவற்றையும் செய்தார்கள்.

சிஎஸ்50 பக்கத்தில் இரண்டு பட்டியல் இருக்கிறது. எதெல்லாம் நியாயம், எதெல்லாம் நியாயமில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு வரி: உதவி கேட்கும்போது உங்கள் கோடை மற்றவருக்குக் காட்டலாம், அவருடைய கோடை நீங்கள் பார்க்கக் கூடாது. படித்தவுடன் விசித்திரமாகத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். தப்பு எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் உங்கள் கோடைப் பார்த்து விரல் வைத்துக் காட்டினால், திருத்த வேண்டியது இன்னும் நீங்கள்தான். அவர் எழுதி முடித்ததைப் பார்த்துவிட்டாலோ, அது மண்டையில் உட்கார்ந்துவிடும், அப்புறம் நீங்கள் என்ன எழுதினாலும் அதன் நிழல்தான் வரும். அதே பட்டியலில், போர்டில் படம் போட்டும் சூடோகோட் (சாதாரண பேச்சு மொழியில் படிகள்) எழுதியும் நண்பர்களோடு விவாதிக்கலாம், உண்மையான கோட் எழுதி அல்ல என்கிறார்கள். காசு கொடுத்து டியூஷன் வைத்துக்கொள்வதுகூடச் சரி, அவர் உங்கள் வேலையைச் செய்து தராத வரை. ஒரு ப்ராப்ளத்தை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வது கூடாது. ஆசிரியர் குழுவின் மாதிரித் தீர்வை டீகம்பைல் செய்து, அதாவது ஓடும் ப்ரோகிராமைத் திரும்பக் கோடாக மாற்றிப் பார்ப்பது கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். யாரோ செய்து பார்த்திருப்பார்கள் போல.

இதன் மதிப்பு வாரம் 3-இல் தெரியும். அங்கே டைட்மேன் என்று ஒரு தேர்தல் கணக்கு வரும், ரன்ஆஃப் அல்லது டைட்மேன், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டைட்மேனில் 'இவர் அவரை வென்றார்' என்ற ஜோடிகளை ஒவ்வொன்றாக லாக் செய்யும்போது வெற்றிகள் வட்டமாகச் சுற்றி ஒரு சுழற்சி உருவாகிறதா என்று பார்க்கிற இடத்தில் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொள்வது) புரியாமல் ஆட்கள் நாள்கணக்கில் நிற்பார்கள். தேடினால் முழுத் தீர்வும் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். அந்த நேரத்தில் மாணவருக்கு வேண்டியது மிரட்டல் இல்லை, 'இதுவரை போகலாம்' என்ற எல்லைக்கோடு. ரிகர்ஷன் பற்றி வேறு பாடங்களை நெட்டில் தேடிப் படிக்கலாம், இந்தக் கணக்கின் விடையைத் தேடக் கூடாது. எல்லைக்கோடு தெளிவாக இருப்பதால் உதவி கேட்கக் கூச்சம் போய்விடுகிறது. விதிமுறை என்பது உதவி கேட்பதைத் தடுக்க இல்லை, உதவி கேட்பதைச் சுலபமாக்கத்தான் என்பதை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட கோர்ஸை நான் வேறு பார்க்கவில்லை.

ஏஐ விஷயத்திலும் இதே நேர்மை. சாட்ஜிபிடி போன்றவற்றை விடைக்காகப் பயன்படுத்துவது நியாயமில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டு, அதோடு விடாமல் 2023 முதல் தங்களுடைய சொந்த ஏஐ வாத்து (வாத்து வடிவில் வரும் சாட்பாட்) ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அது விடையைச் சொல்லாது, வழிகாட்டும். 'உன் லூப் எப்போது நிற்கும் என்று நினைக்கிறாய்' என்கிற மாதிரித் திருப்பிக் கேட்கும். தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று எதுவும் தராத பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகத் திணறுகிற மாணவர் யாரிடம் போவார்? தடை செய்ததிடம்தான் போவார்.

வளாக கோர்ஸில் 2014 முதல் ஒரு விதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தப்பு செய்துவிட்ட மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானாக வந்து சொல்லிவிட்டால், அந்த வேலைக்கு மார்க் போகலாம், ஆனால் பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்ப மாட்டார்கள், திரும்பத் திரும்பச் செய்தால் தவிர. காப்பி என்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. தூக்கமில்லாத ராத்திரி, நெருங்கும் கெடு, பயம், அதில் எடுக்கிற ஒரு மோசமான முடிவு. அதிலிருந்து திரும்பி வர ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். கோட் ஒற்றுமையைக் கண்டுபிடிக்க கம்பேர்50 என்ற மென்பொருளும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், ஆகவே இது கண்டுகொள்ளாமல் விடுகிற தாராளம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எனக்கு மரியாதை வரவைக்கிறது.

மதிப்பீடு பற்றியும் பாடத்திட்டத்தில் ஒரு நல்ல கருத்து உண்டு: கடைசியில் முக்கியம், மற்றவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்லை, ஆரம்பித்தபோது இருந்த உங்களோடு ஒப்பிட்டு எங்கே வந்திருக்கிறீர்கள் என்பது. பலர் இதை அலங்காரத்துக்குச் சொல்வார்கள். இங்கே ப்ராப்ளங்களையே சுலபமான வடிவம், கடினமான வடிவம் என்று இரண்டாக வைத்து, மாரியோ பிரமிடு கணக்கில் இருந்தே, எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

குறைகள் உண்டு. இணைய வடிவத்தில் ப்ராப்ளம் செட்களை மதிப்பிடுவது பெரும்பாலும் செக்50 என்ற ப்ரோகிராம். பச்சை ஸ்மைலி வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு. கோட் ஓடுகிறது, ஆனால் அசிங்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து சொல்லும் பாக்கியம் வளாக மாணவருக்குத்தான். செக்50 பச்சை காட்டியதும் அடுத்ததுக்குத் தாவாமல், எழுதியதை ஒருமுறை நீங்களே சுத்தம் செய்து பாருங்கள். இன்னொன்று, ப்ராப்ளம் செட் தீர்வுகளை கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி போடக் கூடாது. வேலை தேடுகிறவர்களுக்கு இது கஷ்டம்தான், காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. ஆனால் அடுத்து வருகிற மாணவருக்கு அந்தக் கணக்கு கெட்டுப்போகக் கூடாது என்ற காரணம் நியாயமானது. ஃபைனல் ப்ராஜெக்ட்டைத் தாராளமாகக் காட்டலாம், அதனால் உழைப்பை அதில் கொட்டுங்கள்.

இதை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், கோடிங் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நிச்சயமாக. அதைவிட அதிகமாக, கல்லூரியில் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கு. வேதியியல் எடுத்தாலும் வரலாறு எடுத்தாலும் பரவாயில்லை. அடுத்த செமஸ்டருக்கு விதிமுறை எழுத உட்காரும் முன் அந்த இரண்டு பட்டியலையும் படித்துவிட்டு, உங்கள் பாடத்தில் மாணவர்கள் தயங்கி நிற்கும் பத்து சந்தர்ப்பங்களை எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கூடும், கூடாது, ஏன் என்று மூன்று வார்த்தையாவது எழுதுங்கள். மாணவர்களுக்கு ஒன்று: கோர்ஸில் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, எதில் சந்தேகம் வருகிறதோ அதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி கிடைக்கும் வரை செய்யாதே என்று சிஎஸ்50 காரர்களும் சொல்கிறார்கள்.