பொம்மை வீட்டுக்கு எந்தப் பசை? வன்னிக் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஹாட்வெயார் கடையில் "ஒட்டுறதுக்கு நல்லதா ஒண்டு தாங்கோ" என்று கேட்டால், அநேகமாகச் சுப்பர் குளூதான் கைக்கு வரும். விலை குறைவு, நொடியில் பிடித்துவிடும். ஆனால் பொம்மை வீடு கட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டியது தச்சுப் பட்டறைகளில் பாவிக்கும் வெள்ளை மரப்பசை. சின்ன வீடொன்றில் வரும் பொருத்துகளில் பெரும்பாலானவை மரத்தோடு மரம், காட்போட் மட்டையோடு மட்டை, ஓலையோடு ஈர்க்கு. எல்லாமே ஈரத்தை உறிஞ்சும் பொருட்கள். வெள்ளைப் பசை வேலை செய்வதும் அந்த உறிஞ்சலால்தான்.

செமிபிக்ஸ், பெவிக்கோல் போன்ற பெயர்களில் வருவது இந்த வகை. பொலிவைனைல் அசற்றேற்றுத் துகள்கள் நீரில் மிதப்பதே அந்த வெண்மை. நீர் மரத்துக்குள்ளும் காற்றுக்குள்ளும் போகப் போகத் துகள்கள் நெருங்கி ஒரே படலமாகும். காய்ந்ததும் நிறம் போய்த் தெளிவாகிவிடும். ஆகவே அள்ளிப் பூசினால் பலம் கூடாது, காயும் நேரம்தான் கூடும். முதலில் பசையில்லாமல் துண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடைவெளியைப் பசை நிரப்பாது, சாண்ட்பேப்பர் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். பிறகு பல்லுக்குத்தும் குச்சியால் ஒரு பக்கத்தில் மெல்லப் பரப்பி, துண்டைச் சிறிது அசைத்து அமர்த்தி, உடுப்புக் கிளிப்பாலோ இறப்பர் வளையத்தாலோ இறுக்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் இறுக்கம் வேண்டும், முழுப் பலம் வர 24 மணி நேரம். ஓரத்தில் பிதுங்கியதை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அந்த இடத்தில் மரத்தின் துளைகள் அடைபட்டு, பின்னர் வார்னிஷ் பூசும்போது வெளிறிய திட்டாகத் தெரியும். எத்தனையோ அழகான சின்னக் கதிரைகள் கெட்டுப்போவது இதனால்தான்.

காலநிலை இங்கே பெரிய விடயம். ஐப்பசியிலிருந்து தை வரை காற்றே நனைந்திருக்கும், பசையின் நீர் போக இடமிருக்காது. அந்த மாதங்களில் கிளிப்பை இரண்டு மடங்கு நேரம் விட்டுவையுங்கள். மட்டைச் சுவரை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டுப் படுக்கப் போனால் காலையில் வளைந்து நிற்கும். மறுபக்கத்திலும் ஒரு கடதாசி ஒட்டினால் இழுவை சமப்படும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். துண்டை வைப்பதற்குள் பசையின் மேல் ஆடை படர்ந்துவிடும், அப்படி ஒட்டியது தட்டினால் கழன்று வரும். ஒரு தடவைக்கு விரல் நீளத்துக்குமேல் பூசாமல், காற்றுப் படாத மூலையில் இருந்து வேலை செய்யுங்கள்.

அடிக்கு ஓர் அங்குலம் என்ற 1:12 அளவில் ஒரு வன்னி மண்வீடு கட்டுவதானால் இதே பசைதான் சாந்தும் ஆகும். அரித்த மண்ணோடு, பசையும் நீரும் சம அளவில் கலந்த கரைசலைச் சேர்த்துக் களிப் பதத்துக்குக் குழையுங்கள். 3 மில்லிமீற்றர் மட்டையில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, அடுத்த பூச்சைக் கொடுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அப்பினால் நீர் போகும்போது மண் சுருங்கி வெடிக்கும். திண்ணையில் ஒன்றிரண்டு வெடிப்பு உண்மையான வீடுபோல் அழகாகத்தான் இருக்கும், சுவரில் வந்தால் உதிரத் தொடங்கும். கூரைக்குப் பனையோலை வெட்டினால், அதன் மினுங்கும் பக்கத்தில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் சாண்ட்பேப்பரால் மெல்ல உரசுங்கள். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் பாதி படியும்படி ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

சுப்பர் குளூவைக் குறைசொல்ல வரவில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. சோடா ரின் தகட்டில் வெட்டிய கூரைத் தகரம், கதவுப் பிணைச்சல், பிளாஸ்ரிக் மணி போன்றவற்றில் வெள்ளைப் பசை தோற்கும். அங்கே குண்டூசி முனையளவு சயனோஅக்ரிலேற், அதாவது சுப்பர் குளூ, போதும். இது காய்வதில்லை, மேற்பரப்பிலுள்ள ஈரத்தைத் தொட்டு இறுகுகிறது. ஆகவே மாரியில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், கூடவே ஆவி படிந்து சுற்றிவர வெள்ளையாகப் பூத்துவிடும். யன்னலுக்கு வைக்கும் தெளிவான பிளாஸ்ரிக்கில் இதைப் பாவிக்கவே வேண்டாம். ஓரங்களில் வெள்ளைப் பசை வைத்துச் சட்டத்துக்குள் அமர்த்தினால் போதும். சுப்பர் குளூவுக்கு இறுகிய பின் நொறுங்கும் தன்மை உள்ளதால், திறந்து மூடும் கதவின் பாரத்தை இதன்மேல் மட்டும் விடாதீர்கள்.

பாதுகாப்பு விடயத்தில் மிகக் கவனம் வேண்டியதும் இதுதான். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் உடனே சூடேறிப் புகையும், தோலைச் சுட்டுவிடும். பஞ்சால் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள். விரல்கள் ஒட்டினால் இழுக்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். தேவையானால் அசிற்றோன் உள்ள நெயில் பொலிஷ் ரிமூவர் உதவும். கண்ணுக்குக் கிட்ட அசிற்றோன் போகவே கூடாது. கண்ணில் பட்டால் இமையைப் பிடித்துத் திறக்காமல், இளஞ்சூட்டு நீரால் கழுவிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

செருப்புக்கும் போர்மைக்காவுக்கும் பாவிக்கும் மஞ்சள் சொலூஷனை, பிள்ளைகள் கூடி வேலை செய்யும் மேசையில் வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்த்தால் கெட்டியாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இந்த வகைகளில் சாதாரணம். அவற்றின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், எளிதில் தீப்பற்றும். ஹெக்சேனை நீண்ட நாள் சுவாசித்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். போதாததற்கு ரெஜிபோமையும் (தெர்மாக்கோல்) அரித்துக் குழியாக்கும். பாடசாலைக் கண்காட்சி மாதிரிகள் கடைசி இரவில் உருக்குலைவதற்கு இதுவும் சாதாரண சுப்பர் குளூவும் பொதுவான காரணம். ரெஜிபோமுக்கும் வெள்ளைப் பசையே சரி. இரண்டு ரெஜிபோம் துண்டுகளுக்கு நடுவில் நீர் போக வழி குறைவு என்பதால் ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்து விடுங்கள்.

சூட்டுப் பசைத் துப்பாக்கி அடித்தட்டுக்கும் மரங்களை நடுவதற்கும் ஆகும். நுண்ணிய வேலைக்கு அதன் கட்டி பெரிது, தகரக் கூரைக்குக் கீழே பங்குனி சித்திரை வெயிலில் இளகவும் கூடும். சுட்ட மண் பானை, கண்ணாடி, உலோகம் இவற்றுக்கு அரல்டைட் என்ற, இரண்டு டியூபாக வரும் எப்பொக்சிப் பசை. இரண்டு டியூபிலும் சரிசமமாக எடுத்து நன்றாகக் கலக்காவிட்டால் எத்தனை நாள் போனாலும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். கையுறை போடுங்கள், தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும்.

விளாம்பிசினை நீரில் ஊறவைத்து ஒட்டுவது சுவர்க் கடதாசிக்கும் சின்னப் புத்தகங்களுக்கும் இன்றும் நல்ல வழி. ஈரம் பட்டால் கழன்றுவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கோதுமை மாக் கூழும் கடதாசியைப் பிடிக்கும், ஆனால் கரப்பானும் பூஞ்சணமும் அதைத் தேடி வரும். அதைத் தடுக்கத் துரிசு (மயில்துத்தம்) கலக்கும் பழைய வழக்கம் பிள்ளைகள் தொடும் பொருளுக்கு ஒத்துவராது, அது நஞ்சு.

சின்னப் பிள்ளைகளே ஒட்டுவதானால் பாடசாலைக் கம் போத்தலைக் கொடுங்கள். மரப்பசையைவிடப் பலம் குறைவு, கடதாசியும் கொஞ்சம் சுருங்கும், ஆனாலும் கழுவினால் போய்விடும். லேபலில் ஈ.என். 71 (ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரம்) அல்லது ஏ.எஸ்.டி.எம். டி-4236 (கலைப் பொருட்களின் உடல்நல எச்சரிக்கை லேபலுக்கான அமெரிக்கத் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் எந்தப் பசையால் ஒட்டிய சின்னச் சாமானும் கைக்கெட்டும் உயரத்தில் வேண்டாம்; பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

வெள்ளைப் பசையைச் சிறிய போத்தலாகவே வாங்குங்கள். கட்டிபட்டிருந்தாலோ புளித்த மணம் அடித்தாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சுப்பர் குளூவின் மூக்கைத் துடைத்து மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் நிமிர்த்தி வைத்தால், அடுத்த முறை திறக்கும்போது டியூபுக்குள் கல்லாகிக் கிடக்காது.