பளீர் மஞ்சள் அனிமோன் விற்றால் வாங்காதீர்கள்

வீட்டில் மரைன் டேங்க் (கடல்நீர் மீன் தொட்டி) வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் கவனிக்கவும். சென்னையில் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. கடைப் பெயரைப் போடவில்லை; இதே சரக்கு வேறு இடங்களிலும் விற்பனைக்கு வருகிறது.

நான் கேட்டது இரண்டு கோமாளி மீன் மட்டும்தான். அனிமோன் என்பது பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி கொட்டும் கைகளை விரிக்கும் கடல் விலங்கு; கடலில் கோமாளி மீன் அந்தக் கைகளுக்குள்தான் ஒளிந்து வாழும். "அனிமோன் இல்லாம இது ஒரு வாரம்கூடத் தாங்காது சார்" என்றார் கடைக்காரர். சுத்தப் பொய். கடலில் பெரிய மீன்களிடமிருந்து தப்பிக்க அதற்கு அனிமோன் வேண்டும். வீட்டுத் தொட்டியில் துரத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? பண்ணையில் பொரித்த குஞ்சுகளில் பல, அனிமோனைப் பார்க்காமலே வளர்ந்தவை.

அப்புறம் அவர் காட்டியது எலுமிச்சை மஞ்சளில் ஒரு அனிமோன். "இம்போர்ட்டட், ரேர் கலர்." விலை நாலாயிரம் ரூபாய். தொட்டி ஓடத் தொடங்கி எத்தனை மாதம், என்ன விளக்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அனிமோனுக்கு நல்ல வெளிச்சமும், ஆறு மாதமாவது ஓடி நிலைப்பட்ட தொட்டியும் வேண்டும். விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

வீட்டில் பையைப் பிரித்தால் உள்ளே இருந்த தண்ணீரே மஞ்சளாக இருந்தது. போனில் கேட்டதற்கு "அது கழிவு சார், பயப்படாதீங்க" என்றார். நாளாக ஆக மஞ்சள் வெளிறி, கடைசியில் அனிமோன் கண்ணாடி மாதிரி வெள்ளையானது. சாயம் ஏற்றிய சரக்கு!

அனிமோனின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவுதான் அதற்குப் பெரும்பங்கு ஆகாரம். அனிமோனின் வழக்கமான பழுப்பு நிறமே பாசியால் வருவது. சூட்டிலும் இருட்டிலும் அடிபட்டால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். அப்படிப் பட்டினியில் கிடப்பதற்குத்தான் நிறமேற்றி "ரேர்" என்கிறார்கள். வெள்ளையாகவே "ஸ்னோ வைட்" என்று விற்பதும் இதே கதைதான்.

ஒரு நாள் காலையில் வாய் பிளந்து, உடம்பு கூழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் அழுகிய நாற்றம். அம்மோனியா டெஸ்ட் கிட் பச்சை காட்டியது; அதாவது தண்ணீரில் மீனைக் கொல்லும் அம்மோனியா ஏறிவிட்டது. உடனே அதை அள்ளி எறிந்து பாதித் தண்ணீரை மாற்றியதால் மீன்கள் பிழைத்தன. கடைக்காரர் பதில்? "உங்க தண்ணி சரியில்ல."

"ஆண், பெண் ஜோடி" என்று மீனுக்கும் கூடுதலாகக் காசு வாங்கினார். இரண்டும் ஒரே அளவுப் பொடி மீன்கள். கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளரும். சேர்ந்து வாழும்போது பெரியதாக ஓங்குவது பெண்ணாக மாறும். அந்த வயதில் ஜோடி என்று காசு வாங்குவது வெறும் வியாபாரம்.

அனிமோன் வாங்கியே தீருவேன் என்றால் கடையில் நின்று பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா, கால் பாறையையோ கண்ணாடியையோ பிடித்திருக்கிறதா, கொடுத்த இரையைக் கைகள் ஒட்டிப் பிடிக்கின்றனவா? நிறம் பழுப்போ பச்சைச் சாயலோ இருந்தால் சரி, நுனி ஊதாவாக இருக்கலாம். உடம்பு முழுக்கப் பெயின்ட் அடித்த மாதிரி மஞ்சளோ ரோஸோ என்றால் கிளம்பிவிடுங்கள்.

பில்லில் "உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை" என்று அச்சடித்திருந்தார்கள். ஆனால் "இயற்கை நிறம்தான்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் காசு கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.