மஞ்சளா, மரமஞ்சளா, ஆப்பிள் பட்டையா?

மஞ்சள் போட்ட பாலைக் குடித்து முடித்ததும் தம்ளரின் அடியைப் பாருங்கள், பொடி தங்கியிருக்கும். சர்க்கரை நோயில் பழுதாகும் சிறுநீரகத்துக்கு மஞ்சளை நம்புகிறவர்கள் முட்டிக்கொள்வதும் இங்கேதான். மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

2011-இல் வெளியான ஈரானியச் சோதனை ஒன்றில், இரண்டு மாதம் மஞ்சள் சாப்பிட்ட நோயாளிகளுக்கு, சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் சிறுநீர்ப் புரதம் குறைந்தது. ஆனால் மொத்தமே 40 பேர். பிறகு கனடாவில் 500 பேருக்கு மேல் சேர்த்து, நுண்துகளாக்கிய குர்குமினை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. நான் பெரிய சோதனையின் பக்கம். சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் மஞ்சளில் உண்டு என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரசத்தில் போடும் சிட்டிகை வேறு, தினமும் ஸ்பூன் கணக்கில் விழுங்குவது வேறு.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கொஞ்சம் தேவலை. சர்க்கரையைக் குறைப்பதைச் சிறிய சீனச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சிறுநீரகத்தைக் காக்கும் என்பதற்குப் பெரும்பாலும் எலிகள்தான் சாட்சி. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் இதைத் தொடவே கூடாது: உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க அவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஆப்பிள் மரப்பட்டை. 1835-இல் அதிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. சிறுநீரகம் திரும்ப உறிஞ்சும் சர்க்கரையைத் தடுத்துச் சிறுநீரோடு அனுப்பிவிடும். பட்டையைக் கஷாயம் வைத்தால் போதுமா? போதாது, குடலிலேயே உடைந்துபோகும், வயிற்றுப்போக்கும் வரும். வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறை உடையாதபடி திருத்தினார்கள். அப்படி வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள். இவை சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணிக்கின்றன. 2019-இல் வெளியான கிரெடன்ஸ் ஆய்வில், சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள 4,401 பேரிடம் கானாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் செயலிழப்பது போன்ற பெரிய பாதிப்புகளின் அபாயத்தை 30 சதவீதம் குறைத்தது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

திருத்தினால் எல்லாம் தேறிவிடும் என்றில்லை. செடிகளில் உள்ள ஓலியனாலிக் அமிலத்தைத் திருத்திச் செய்த பார்டாக்சோலோன் என்ற சிறுநீரக மருந்தின் பெரிய சோதனையை, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பவர்களுக்கு ஆடுதின்னாப்பாளையைக் காட்டுவேன். அதன் குடும்பத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம், 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிட்டது.