ஆம்பூர் செருப்பை ஆன்லைனில் விற்பவர்களுக்கு டாலி பிரைம் சரிப்படுமா?

ஆம்பூர், வேலூர் பக்கம் ஷூ, செருப்பு ஆன்லைனில் விற்கும் சிறு கடைக்காரர்கள் பலர் பேங்கில் விழுந்த தொகையையே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கும்வரை எந்த மென்பொருள் வாங்கியும் பிரயோஜனமில்லை. முழு விலையையும் எழுதத் தயார் என்றால் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் நன்றாகவே கைகொடுக்கும்.

ஒரு ஜோடி 2,100 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். பொருள் மதிப்பு 2,000, ஜிஎஸ்டி 5% என்றால் 100. விற்றுக்கொடுக்கும் ஆன்லைன் தளம், அதாவது மார்க்கெட்பிளேஸ், பிடிப்பது: கமிஷன் 210, கூரியர் 80, இவை இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி 52.20, டிசிஎஸ் (ஜிஎஸ்டிக்காகத் தளம் முன்கூட்டிப் பிடிப்பது) 0.5% வீதம் 10, டிடிஎஸ் (வருமான வரிக்கான பிடித்தம்) 0.1% வீதம் 2. எல்லாம் பிடித்ததுபோக பேங்குக்கு வருவது 1,745.80. இதை விற்பனையாகப் போட்டால் நீங்கள் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ம், மார்க்கெட்பிளேஸ் தாக்கல் செய்யும் டிசிஎஸ் கணக்கான ஜிஎஸ்டிஆர்-8-ம் ஒட்டாது. கமிஷனுக்கும் கூரியருக்கும் கட்டிய 52.20-ஐ உங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும் (உள்ளீட்டு வரி) கைநழுவும்.

டாலியில் ஒரு மார்க்கெட்பிளேஸுக்கு இரண்டு லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறங்கள். விற்பனைக்கு ஒன்று, நமக்குப் பணம் தர வேண்டியவர்களுக்கான சண்ட்ரி டெப்டார்ஸில். அதில் ஜிஎஸ்டி எண் போடாதீர்கள். போட்டால் சாதாரண வாடிக்கையாளர் விற்பனையெல்லாம் ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிகளுக்கான பி2பி அட்டவணையில் போய் உட்காரும். கமிஷன் பில்லுக்கு இன்னொன்று, நாம் பணம் தர வேண்டியவர்களுக்கான சண்ட்ரி கிரெடிட்டார்ஸில், ஜிஎஸ்டி எண்ணோடு. மாதக் கடைசியில் எஃப்7 ஜர்னலில் இரண்டையும் நேர் செய்யலாம். பில் வாரியாகப் பாக்கியைக் காட்டும் பில்-வைஸ் வசதியை வைத்து ஆர்டர் எண்ணை ரெஃபரன்ஸாகக் கொடுத்தால், பணம் வராத ஆர்டர் தனியாகத் தெரியும். பொருள் சேரும் மாநிலத்தை ஒவ்வொரு வவுச்சரிலும் (பதிவு) பாருங்கள். லெட்ஜரில் உள்ள மாநிலம் தானாக வந்து ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) தப்பாக விழுவது இங்கேதான்.

நமக்கு ரொம்பப் பிடித்தது, விலைக்கு ஏற்ப வரி விகிதத்தை மாற்றும் ஸ்லாப் வசதி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. ஸ்டாக் ஐட்டத்தில் இதை ஒருமுறை பதிந்தால் போதும், ஆஃபர் விலைக்கு ஏற்ப விகிதம் தானாக மாறும். வரியோடு சேர்ந்த விலையை மட்டும் 2,625-க்கும் 2,950-க்கும் நடுவில் வைக்காதீர்கள். 2,700-ஐ 5% வைத்துப் பிரித்தால் மதிப்பு 2,500-ஐத் தாண்டுகிறது. 18% வைத்துப் பிரித்தால் 2,500-க்குள் வந்துவிடுகிறது. எந்த விகிதமும் பொருந்தாது!

எக்செல் இம்போர்ட் இருக்கிறது. ஆனால் மார்க்கெட்பிளேஸ் தரும் பணக் கணக்குப் பட்டியலை (செட்டில்மென்ட் ஷீட்) அப்படியே ஏற்ற முடியாது, ஒவ்வொரு நெடுவரிசையாகப் பொருத்தியாக வேண்டும். முதல் மாதம் பொறுமை வேண்டும். திரும்பி வந்த ஜோடிக்கு ஆல்ட்+எஃப்6-இல் விற்பனையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட்டு, சரக்கைத் தனி குடோனில் ஏற்றுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் முன் விற்பனை ஸ்டாக்கில் சேர்த்தால், ஒரு கால் மட்டும் தேய்ந்த ஷூவும் புதுசாகக் கணக்கில் நிற்கும்.

சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு. கோல்டு பலருக்கு, ஆனால் ஒரே லேனுக்குள் (ஒரே இடத்துக் கணினி இணைப்பு). ஆம்பூரில் குடோன், வேலூரில் ஆபீஸ் என்றால் கிளவுட் சர்வர் தனிச் செலவு. டாலி தெரிந்த பார்ட் டைம் அக்கவுண்டன்ட் இங்கே சுலபமாகக் கிடைப்பது அதை ஓரளவு ஈடுகட்டும்.

ஒரு வேலை மட்டும் ஜிஎஸ்டி போர்ட்டலில்தான் நடக்கும். பிடித்த டிசிஎஸ்ஸை அங்கே மாதாமாதம் அக்செப்ட் கொடுத்தால்தான் போர்ட்டலில் உங்கள் பெயரில் உள்ள கேஷ் லெட்ஜரில் ஏறும். ஏறியதும் டாலியில் ஒரு ஜர்னல் போட்டு டிசிஎஸ் லெட்ஜரைக் கழித்துவிடுங்கள்.