பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்: பெட்டி அனுப்புவதா, கடையில் வாங்குவதா?

மெக்சிகோ எல்லையில் கேம்போ அருகே தொடங்கி கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் வழியாகக் கனடா எல்லையைத் தொடும் இந்த அமெரிக்க நெடுந்தூர நடைபாதை சுமார் 4,265 கி.மீ. தெற்கிலிருந்து நடப்பவர்கள் ஏப்ரல் நடுவிலோ கடைசியிலோ கிளம்புகிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் வாஷிங்டனைத் தாண்டிவிட வேண்டும், பிறகு பனி விழும். ஒரு நாள் சாப்பாடு சுமார் 900 கிராம். கிராமுக்கு 4.5 கலோரி வரும்படி தேர்ந்தெடுத்தால் 4,000 கலோரி கிடைக்கும். ஆறு நாளுக்கு மேல் சுமந்தால் முதுகு ஒடிந்துவிடும். ஆகவே வழியில் இருபது, இருபத்தைந்து முறையாவது சாமான் நிரப்பியாக வேண்டும்.

வழக்கத்தில் மூன்று முறைகள் உண்டு: கிளம்பும் முன்பே வீட்டில் எல்லாப் பெட்டிகளையும் கட்டி வைத்து ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்வது, போகிற ஊரில் வாங்கிக்கொள்வது, பெரிய ஊரை அடைந்ததும் அங்கே வாங்கி, அடுத்து வரும் சின்ன இடங்களுக்குத் தபாலில் முன்கூட்டி அனுப்புவது. பவுன்ஸ் பாக்ஸ் என்று நான்காவது ஒன்றும் இருக்கிறது. சார்ஜர், உபரி சாக்ஸ், மருந்து போட்டு ஊர் ஊராக முன்னே தள்ளிக்கொண்டே போகும் பெட்டி அது. கடைகள் பெருகிவிட்ட இன்றைக்கு அது தபால் செலவுக்குக்கூடத் தேறாது.

வீட்டுப் பெட்டி

கட்டுப்பாடான உணவு உள்ளவர்களுக்கு இதைவிட்டால் வழி இல்லை. பசையம் (கோதுமையில் உள்ள க்ளூட்டன்) ஒத்துக்கொள்ளாதவர்களும் கறாரான சைவர்களும் சின்னக் கடைகளில் நொந்துபோவார்கள். மற்றவர்களுக்கு இதில் கைகொடுக்காதது நாக்குதான். மார்ச்சில் மொத்தமாக வாங்கிய ஒரே ஓட்ஸ், ஒரே பார், ஒரே ராமன் நூடுல்ஸ் ஜூனில் தொண்டையில் இறங்காது. விடுதிகளில் 'வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' தொட்டிகள் பிரிக்காத ஓட்ஸால் நிரம்பி வழிவது அதனால்தான். பசியும் இரண்டாம் மாதத்தில் இரட்டிப்பாகும், பெட்டியில் கட்டிய அளவோ முதல் வாரத்துப் பசிக்கானது.

அடுத்தது தபால் நேரம். தபால் நிலையமே பெட்டியை வைத்திருந்து நேரில் தரும் ஜெனரல் டெலிவரி முறையில் பெயர், 'ஜெனரல் டெலிவரி', ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு எழுதி, ஓரத்தில் நாம் வந்து சேரும் உத்தேசத் தேதியைப் போட வேண்டும். பெட்டியைப் பெற அடையாள அட்டை கட்டாயம். வழக்கமாக 15 நாள் வைத்திருப்பார்கள், கேட்டுக்கொண்டால் 30 நாள் வரை. ஞாயிறு பூட்டு, சனி அரைகுறை. வெள்ளி மாலை ஊருக்குள் இறங்கினால் திங்கள் காலை வரை விடுதி வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் வாடகைக்குக் கடையில் ஒரு வாரச் சாமான் வாங்கலாம்.

அமெரிக்கத் தபால் துறையின் விரைவுச் சேவையான பிரயாரிட்டி மெயிலில் ஒரு நல்ல வசதி உண்டு. பிரிக்காத பெட்டியை அடுத்த ஊருக்குக் கட்டணமில்லாமல் திருப்பி விடுவார்கள். அதன் பெரிய ஒரே-விலைப் பெட்டி 30 செ.மீ. நீளம், 30 அகலம், 14 உயரம். நெருக்கி அடைத்தால் ஒருவருக்கு நாலைந்து நாள் சாப்பாடு பிடிக்கும். ஆனால் அடுப்புக்கான காஸ் டப்பாவை அதில் போடக்கூடாது, ஏனென்றால் அது விமானத்தில் ஏறக்கூடும். காஸ் தரைவழித் தபாலில் மட்டுமே, அதற்குரிய குறியீட்டோடு போகலாம். காற்றுத் தடுப்போடு அரை லிட்டர் கொதிக்க 7, 8 கிராம் காஸ் ஆகும். இருவேளை அடுப்பு மூட்டினால் 230 கிராம் டப்பா இரண்டு வாரம் வரும். வழிக் கடைகளில் அது பெரும்பாலும் கிடைக்கிறது, அனுப்பி மெனக்கெட வேண்டாம். (அடுப்பே வேண்டாம் என்பவர்கள் ராமனைக் குளிர்நீரில் ஊறவைத்துத் தின்கிறார்கள். அந்த வேலைக்கு நம் அவல் எவ்வளவோ மேல்.)

கடையில் வாங்குவது

தெற்குக் கலிஃபோர்னியாவில் இதுவே சிறந்தது. பிக் பேர் லேக், டெஹாச்சபி போன்ற ஊர்களில் முழு சூப்பர்மார்க்கெட்டே இருக்கிறது. அங்கெல்லாம் பெட்டி அனுப்புவது கடலுக்கு உப்பு அனுப்புவதுதான். ஓரிகனில் ஆஷ்லண்ட், பெண்ட் இரண்டும் பெரிய ஊர்கள். இடையில் ஏரிக்கரை ரிசார்ட் கடைகளில் சிப்ஸும் மிட்டாயும்தான் உறுதி, அதுவும் முன்னே போன கூட்டம் விட்டுவைத்தால்.

ஷூ விஷயத்தில் கடைப் பக்கம் தயங்காமல் சாயலாம். ட்ரெயில் ரன்னர் ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. தாங்கும், மொத்தம் ஐந்தாறு ஜோடி தேவை. பாதம் முதல் மாதத்திலேயே அரை சைஸ், சிலருக்கு ஒரு சைஸ் பெரிதாகும். தள்ளுபடியில் ஐந்து ஜோடியை முன்பே வாங்கியவர்கள் மூன்றை விற்க அலைகிறார்கள். பழைய ஜோடி 500 கி.மீ. தொட்டதும், பத்து நாளில் எட்டப்போகும் ஊருக்குப் போனிலேயே ஆர்டர் போடுங்கள்.

சியெராவில் கணக்கு மாறுகிறது

சுமார் 1,130 கி.மீ.யில் கென்னடி மெடோஸ். பாலைவனம் முடிந்து சியெரா நெவாடா தொடங்கும் வாசல். கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா), பனிக்கோடரி, மைக்ரோஸ்பைக் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முட்கள்), கனத்த மேலாடை எல்லாம் இங்கே கைக்கு வர வேண்டும், ஆறு லிட்டர் தண்ணீருக்கான பைகளில் பாதி வீட்டுக்குப் போக வேண்டும். வடக்கே சொனோரா கணவாய் அருகிலும் கென்னடி மெடோஸ் என்றே ஒரு ரிசார்ட் இருக்கிறது. பாதையில் இரண்டுக்கும் இடையே 500 கி.மீ. முகவரியில் பெயரை மட்டும் நம்பி அனுப்பிய பெட்டி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அஞ்சல் குறியீட்டை இருமுறை சரிபாருங்கள்.

கரடி டப்பாவை முன்கூட்டியே வாங்கி அனுப்பலாம், அது எந்த வருடமும் தேவை. யோசெமிட்டியில் துணிப்பை வகை செல்லாது, கெட்டி டப்பாதான். அதிகம் புழங்கும் பேர்வால்ட் பிவி500 கொள்ளளவு 11.5 லிட்டர், எடை 1.16 கிலோ. பற்பசை, சன்ஸ்கிரீன் உட்பட மணக்கும் எல்லாமே உள்ளே போக வேண்டும் என்பதை மறப்பதால்தான் கடைசி நாள் சாப்பாடு வெளியே நிற்கிறது. கோடரியும் ஸ்பைக்கும் அப்படியல்ல. 2015 ஏப்ரலில் சியெரா பனி சராசரியில் 5 சதவீதம், 2023 ஏப்ரலில் 237 சதவீதம். ஜனவரியில் பெட்டி கட்டுபவர் சூதாடுகிறார். இவற்றை மே மாதப் பனி நிலவரம் பார்த்து, டெஹாச்சபியில் இருக்கும்போது ஆர்டர் செய்வதே சரி.

முதல் சியெராத் துண்டு கியர்சார்ஜ் கணவாய்ப் பிரிவு வரை சுமார் 138 கி.மீ., அங்கிருந்து சாலைக்கு இன்னும் 12. ஒரு நாளைக்கு 32 கி.மீ. நடந்த கால்கள் 4,009 மீட்டர் ஃபாரஸ்டர் கணவாயில் 22 கூடத் தாண்டாது. விட்னி சிகரத்துக்கும் ஒரு நாள் வைத்தால் எட்டு நாள். டப்பாவுக்குள் ஏழு நாள்தான் அடங்கும், முதல் நாள் சாப்பாட்டை அன்றே தின்று தீர்த்துவிட வேண்டும். கியர்சார்ஜில் இறங்காமல் மேலே போனால் வரும் மியூர் ட்ரெயில் ராஞ்ச், நாம் வாளியில் அனுப்பும் சாப்பாட்டை வாங்கி வைக்கும், ஆனால் கட்டணம் அங்கே விடுதி எடுத்ததுபோல. கியர்சார்ஜ் வழியாக இறங்கி பிஷப் ஊரில் வாங்கினால் ஒரு நாள் கூடுதலாகப் போகும், பணம் மிஞ்சும், குளியலும் கிடைக்கும்.

வாஷிங்டனில் பெட்டி ஜெயிக்கிறது

கேஸ்கேட் லாக்ஸில் ஓரிகன் முடிகிறது. அங்கிருந்து போர்ட்லண்ட் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ஒரே மூச்சில் வாங்கி வைட் பாஸ், ஸ்னோகுவால்மி பாஸ், ஸ்டீவன்ஸ் பாஸ், ஸ்டெஹீகின் ஆகிய நான்குக்கும் அனுப்புங்கள். முதல் மூன்றும் சாலை ஓரத்துக் கடையும் பனிச்சறுக்கு விடுதியுமே கதி என்ற இடங்கள். வைட் பாஸிலிருந்து ஸ்னோகுவால்மி 158 கி.மீ., ஸ்டீவன்ஸிலிருந்து ஸ்டெஹீகின் 174. நான்கு மாதம் நடந்த நாக்குக்கு என்ன பிடிக்கும் என்று அப்போது தெரிந்திருக்கும், தேதியும் ஓரிரு நாளுக்குள் கணிக்கலாம். வீட்டுப் பெட்டியின் இரண்டு குறைகளும் இதில் இல்லை. முதல் பெட்டியில் மழைக் கையுறை, கனத்த சாக்ஸ், புது மழைக்கோட்டு வைத்துவிடுங்கள். சில இடங்கள் ஒரு கூரியரை மட்டும் ஏற்கும், அனுப்பும் முன் கேளுங்கள்.

ஸ்டெஹீகினுக்குச் சாலையே இல்லை, படகில்தான் தபால் வரும். இரண்டு வாரம் முன்னதாக அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டியில் அளவும் மாறிவிட்டது. 2025 முதல் கனடா இந்தப் பாதை வழியே நுழைய அனுமதி தருவதில்லை. எல்லைத் தூணைத் தொட்டுவிட்டு ஹார்ட்ஸ் கணவாய்க்கு 50 கி.மீ. திரும்ப வேண்டும். ஆக 130 அல்ல, 180 கி.மீ. பழைய திட்டத்தில் நாலு நாள் என்று எழுதியிருந்தால் அதை ஆறாகத் திருத்துங்கள்.