விங்சூட்டுக்குத் தயாராக கே.எல். விண்ட் டனல்: எது பயன், எது காசுக்குக் கேடு

கோலாலம்பூரில் உள்ள கே.எல். கோபுரத்தின் 300 மீட்டர் உயரத் திறந்த தளத்திலிருந்து ஆட்கள் குதிப்பதைப் பார்த்துவிட்டு, கைகால்களுக்கிடையே துணிச் சிறகு வைத்த விங்சூட் உடையில் பறக்கும் ஆசையோடு கிளம்புகிறவர்கள் நம்மவரிலும் உண்டு. அங்கே குதிப்பது, விமானமில்லாமல் கட்டடத்திலிருந்தோ மலையிலிருந்தோ குதிக்கும் பேஸ் ஜம்ப். அது இந்தப் பாதையின் கடைசிப் படி, முதல் படியில்லை. முதல் படி விமானத்திலிருந்து குதிக்கும் சாதாரண ஸ்கைடைவ். லைசென்ஸ் எடுக்க நம்மூர்க்காரர்கள் பலர் தாய்லாந்தின் பட்டாயா பக்கம் போகிறார்கள். அங்கே இரண்டு வாரம் குதித்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர், அடுத்த லீவு வரைக்கும் உடம்பு மறந்துபோகாமல் இருக்க, கிள்ளான் பள்ளத்தாக்குப் பேரங்காடியில், கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கவைக்கும் விண்ட் டனலுக்குப் போகலாமா? போனால் என்ன வாங்க வேண்டும்? இந்த மதிப்புரை அவருக்கு மட்டும். பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு வேறு மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன.

போகலாம். 25 முதல் 100 குதி வரை உள்ளவருக்கு ஐந்துக்கு நாலு தருவோம். 200 தாண்டி, விங்சூட் வகுப்புக்கு நாள் குறித்துவிட்டவருக்கு இரண்டுதான்.

முதலில் பேக்கேஜ். கவுண்டரில் முன்னால் நீட்டுவது புதியவர் பேக்கேஜ்: விளக்கம், உடை மாற்றுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், காற்றில் இருப்பது என்னவோ இரண்டு மூன்று நிமிடம். அதிலும் பாதி நேரம் பயிற்றுநரின் கை உங்கள் இடுப்புப் பிடியில் இருக்கும். லைசென்ஸ் உள்ளவருக்கு இது வீண். பிளாக் டைம் கேளுங்கள். 10, 15, 30 நிமிடம் என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். பணம் கட்டுமுன் மூன்று விஷயத்தை ஃபோனிலேயே கேட்டுவிட வேண்டும். பயிற்றுநர் கட்டணம் அந்த விலைக்குள்ளா, தனியா? டனலை இன்னொருவரோடு பகிர வேண்டுமா? வரப்போகும் பயிற்றுநர் விமானத்திலிருந்து குதித்தவரா, டனலில் மட்டுமே பறந்தவரா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. டனலிலேயே வளர்ந்தவர் அபாரமாகப் பறப்பார், ஆனால் உங்களைச் சீக்கிரமே உட்கார்ந்த நிலைக்கும் தலைகீழ் நிலைக்கும் இழுத்துப்போவார். பார்க்க அழகு. விங்சூட்டுக்கு இந்தக் கட்டத்தில் அது தேவையில்லை.

விலையை நிமிடத்துக்கு இத்தனை வெள்ளி என்று வகுத்துப் பாருங்கள், பயிற்றுநர், உடை, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து. 4,000 மீட்டரிலிருந்து குதித்தால் பாராசூட் திறக்கும் வரை சுமார் ஒரு நிமிடம் விழுகிறோம். ஆக டனலின் 15 நிமிடம், காற்றில் இருக்கும் நேரக் கணக்கில் 15 குதிக்குச் சமம். விமானச் சீட்டும் தங்குமிடமும் கூட்டினால் டனல் மலிவுதான். ஆனால் குதிகளைப் பதியும் லாக்புக்கில் அது ஒரு குதியாகக்கூட ஏறாது. முதல் விங்சூட் குதிக்கு முன் குறைந்தது 200 குதி வேண்டும் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதி, பல நாட்டு டிராப் ஸோன்களும் (குதிக்கும் தளங்களும்) அதையே பிடித்துக்கொள்கின்றன. டனலில் பத்து மணி நேரம் பறந்திருந்தாலும் அந்த 200 குறையாது.

முதல் நாள் 10 நிமிடத்துக்கு மேல் வாங்காதீர்கள். அதையும் ஒன்றரை நிமிடச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தோள் களைத்ததும் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு ஆடும், அதற்கப்புறம் தவறையே பழகுவீர்கள்.

இனி உள்ளே என்ன செய்வது. வயிறு கீழாக, ஒரே உயரத்தில், ஒரே திசையில் அசையாமல் நிற்பது முதல் வேலை. சலிப்பாக இருக்கும். டனலை இயக்கும் டிரைவர் காற்றைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் விட, நீங்கள் இடுப்பை இறக்கியும் லேசாக எடுத்தும் அதே இடத்தில் நிற்க வேண்டும். அடுத்தது திரும்புவது. கையால் திரும்புவதும் காலால் திரும்புவதும் தனித்தனியாக வர வேண்டும். இடது முழங்காலை இறக்கினால் உடம்பு வலப்பக்கம் திரும்பும், இதைத் தெரியாமல் செய்கிறவர்தான் விமானத்தில் காரணம் புரியாமல் சுற்றுகிறார். 90 டிகிரி திரும்பி நிறுத்துங்கள், பிறகு 180. திரும்புவதைவிட நிறுத்துவதுதான் பாடம்.

மூன்றாவது கால். டனலில் பழகும் பெட்டி நிலையில் முழங்கால் மடிந்திருக்கும். விங்சூட்டில் கால் நீண்டு, விரல் நுனி பின்னோக்கி நீட்டியிருந்தால்தான் கால் சிறகு விறைப்பாக நிற்கும். முழங்காலை மடக்கியே பழகியவர் முதல் விங்சூட் குதியில் சிறகு தொளதொளத்து, வறுத்த உருளைக்கிழங்குச் சீவல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுவார். ஆகவே பயிற்றுநரிடம் சொல்லி, காலை முழுக்க நீட்டி 20 விநாடி நிற்கப் பழகுங்கள். கால் நீண்டால் உடம்பு டனலின் கண்ணாடிச் சுவரை நோக்கி முன்னே போகும். கையை முன்னால் நீட்டிக் காற்றை அழுத்தி அதைத் தடுக்க வேண்டும். இந்த ஒரு பயிற்சிக்காகவே பிளாக் டைம் வாங்கலாம்.

நான்காவது, முதுகு கீழாகப் பறப்பதும் அங்கிருந்து உருண்டு வயிற்றுக்கு வருவதும். விங்சூட்டில் எதிர்பாராமல் மல்லாந்து போவது சகஜம். பதறாமல் திரும்பும் வழி உடம்புக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் டனலில் முயலாதீர்கள். சாதாரணக் குதியில் வலது கை பின்னால் போய் பாராசூட்டை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டான பைலட் சூட்டை எடுக்கும்போது இடது கை தலைக்கு மேல் போய்ச் சமன் செய்யும். விங்சூட்டில் சிறகுகளை மூடி, இரண்டு கையும் ஒன்றாகப் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் திறக்கும் நேரத்தில் உடம்பு சாய்ந்து கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். இதை டனலில் செய்தால் மேலுடம்புக்குத் தாங்கல் போய், தலை இறங்கி, நேராகக் கண்ணாடியில் முட்டுவீர்கள். வீட்டில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து ஐம்பது தடவை செய்யுங்கள். செலவில்லை, பலன் அதிகம்.

டனல் கெடுக்கும் பழக்கமும் உண்டு. அங்கே உயரம் என்ற கவலையே கிடையாது. சாதாரணக் குதி ஒரு நிமிடம், விங்சூட் இரண்டு மூன்று நிமிடம் நீளும், ஒரு நிமிடத்துக்குப் பழகிய உள்கடிகாரம் அங்கே கைகொடுக்காது. அதனால் டனலிலும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை, குதிக்கும்போது உயரமானி கட்டும் வெறும் மணிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வெளியே நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் விங்சூட் குதியில் 5,500 அடியில், அதாவது சுமார் 1,700 மீட்டரில், பைலட் சூட்டை எடுத்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். நான்கு கே.எல். கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். மேலே இருக்கும்போது அது அவ்வளவு அதிகமாகத் தெரியாது.

200 தாண்டியவருக்கு இரண்டு மதிப்பெண் மட்டும் கொடுத்ததற்குக் காரணம் காற்றின் திசை. நம்மூர் டனலில் காற்று நேர் கீழிருந்து வருகிறது, விங்சூட்டில் முன்னாலிருந்து. அதைப் பழக ஸ்டாக்ஹோமில் கட்டியது போன்ற சாய்வு டனல் வேண்டும். செங்குத்தாக நின்ற டனலில் விங்சூட்டைப் போட விடவும் மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் காசை, உடம்பை நீட்டி முன்னோக்கிச் சறுக்கும் டிராக்கிங் குதிகளுக்கும் பாராசூட் ஓட்டும் பயிற்சிக்கும் திருப்பிவிடுங்கள்.

டனல் பயிற்றுநர் சொல்லித்தராத சில விஷயங்கள், சுருக்கமாக. விங்சூட்டை மாட்டியபின், பாராசூட்டை உடம்போடு கட்டும் ஹார்னஸின் கால் பட்டைகள் கண்ணில் படாது. அவற்றைப் பூட்ட மறந்து உயிர்விட்டவர்கள் உண்டு, கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்காமல் விமானம் ஏறக்கூடாது. வெளியேறியதும் சிறகை விரித்தால் விமானத்தின் வாலில் மோதலாம், ஒன்றிரண்டு விநாடி மூடியே இருங்கள். தட்டையாகச் சுழலத் தொடங்கினால் எல்லாச் சிறகையும் மூடிப் பந்தாகச் சுருளுங்கள். மாற்றுப் பாராசூட்டைத் தானே திறக்கும் தானியங்கித் திறப்பானை நம்பாதீர்கள்: சைப்ரஸ் எக்ஸ்பர்ட் வகை வேலை செய்ய, கீழிறங்கும் வேகம் விநாடிக்கு 35 மீட்டரைத் தாண்ட வேண்டும், விரித்த விங்சூட்டில் அதைவிட மெதுவாகவே தரையைத் தொட முடியும். பைலட் சூட்டை முதன்மைப் பாராசூட்டோடு இணைக்கும் பட்டையான பிரைடில் குட்டையாக இருந்தால், முதுகுக்குப் பின்னாலுள்ள காற்றில்லாச் சுழலில் அது சிக்கித் தத்தளிக்கும். வாடகைப் பாராசூட் தொகுப்பு (ரிக்) என்றால் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, டனலுக்கே திரும்புவோம். கவுண்டரில் மோதிரம், காப்பு, சங்கிலியெல்லாம் கழற்றச் சொல்வார்கள். கோயிலில் கட்டிய சிவப்புக் கயிற்றையும் பறக்கிற பொருளாகத்தான் பார்ப்பார்கள், தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் வைத்து டேப் ஒட்ட முடியுமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. தோள் ஒருமுறை கழன்றவர்கள் வராமலிருப்பதே மேல். ஒல்லியானவர்கள் இறுக்கமான உடையைக் கேளுங்கள், தொளதொள உடை காற்றை அள்ளி மேலே தூக்கும். கனத்தவர்களுக்கு அதுவே வேண்டும். உள்ளே பேச்சு காதில் விழாது, எல்லாம் சைகைதான்: இரண்டு விரல் நீண்டால் காலை நீட்டு, மடங்கினால் காலை மடக்கு, கட்டை விரலும் சுண்டு விரலும் ஆடினால் உடம்பைத் தளர்த்து.

சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். வார நாளில் காலையில் போனால் பயிற்றுநருக்கு உங்களோடு பேச நேரமிருக்கும். ரொட்டி சானாயைப் பறந்து முடித்தபின் சாப்பிட்டுக்கொள்ளலாம். வீடியோ வாங்கும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்ததையே கேளுங்கள். முன்னாலிருந்து எடுத்ததில் சிரிப்பு நன்றாக விழும், முழங்கால் மடிந்திருப்பது தெரியாது.